பனி குறைவு

வடக்கே சமவெளியில் மதௌனா என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஆற்றங்கரையில் நம்மவர் மடம் ஒன்று இருக்கிறது. மலைக்கோயில்களுக்குப் போகிற தமிழ் யாத்திரிகர்கள் தங்கிப் போவதற்காக எந்தக் காலத்திலோ யாரோ புண்ணியவான் கட்டிவைத்தது.

மடத்தின் தலைவி தையல்நாயகி அம்மை. வயது நாற்பத்திரண்டு. அவருக்கு ஒரே ஒரு சீடர், மாசிலாமணி. சீடருக்கு வயது அறுபத்தாறு. வானிலை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இனிமேல் உள்ளே இருக்கிற வானிலையைப் பார்க்கலாம் என்றுதான் மடத்துக்கு வந்தார். வந்த இடத்திலும் வெளியே இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் அப்படி.

ஒவ்வொரு வருடமும் கார்த்திகை பிறந்ததும் அரசாங்கத்தின் குளிர்கால அறிக்கை வரும். மாசிலாமணி அதை வரிவரியாகப் படிப்பார். மடத்து வாசல் தூணில் ஒரு கரும்பலகை தொங்கும். அதில் சுருக்கமாகத் தமிழில் எழுதிவைப்பார். அவர் எழுதியது ஒரு வருடமும் பொய்த்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. ஆறு வருடம் சீடராக இருந்தும் அந்தப் பெருமை மட்டும் இளைக்கவில்லை.

அந்த ஊர்க்காரர்களிடம் குளிர்காலத்துக்கு மூன்று வார்த்தைகள் இருக்கின்றன. இலைமேல் துளியாக நிற்பது ஓஸ். உறைந்துபோய்ப் பயிரைக் கருக்குவது பாலா. எதிரில் நிற்கிற ஆளையே மறைத்துவிடுவது கோஹ்ரா. நமக்கு எல்லாமே பனிதான்.

அந்த வருட அறிக்கை, பாலா குறைவாக இருக்கும் என்றது. மாசிலாமணி பலகையில் 'இவ்வாண்டு உறைபனி குறைவு' என்று எழுதினார். சரியான வார்த்தைதான்.

அப்போது மடத்து முற்றத்தில் ஒரு போர்வெல் வண்டி நின்றது. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி, ஊர் ஊராகக் கிணறு போட்டுக்கொண்டே அவ்வளவு தூரம் வந்துவிட்டவர்கள். ஆள் நான்கு பேர். மேஸ்திரியின் பெயர் அர்த்தநாரி. அவர் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, உறை என்றால் கிணற்றுக்கு இறக்குகிற உறையா, அதற்குள் எப்படிப் பனி வரும் என்று கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

மாசிலாமணிக்குச் சிரிப்பு பிடிக்காது. கட்டைவிரலால் 'உறை' என்ற இரண்டு எழுத்தையும் அழித்தார். 'இவ்வாண்டு பனி குறைவு' என்று மிஞ்சியது. இப்போது புரிகிறதா என்று கேட்டார். அர்த்தநாரி புரிகிறது என்றார். அவருக்குப் புரிந்தது வேறு.

உறைந்து கருக்குகிற குளிருக்கு வானம் துடைத்துவிட்டாற்போல இருக்க வேண்டும். அப்படி இல்லாத வருடங்களில் ஈரக்காற்று தரையோடு படுத்துக்கொள்ளும். பாலா குறைந்தால் கோஹ்ரா கூடும். இது மாசிலாமணிக்கு நன்றாகத் தெரியும். தனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரிந்திருக்கும் என்று நினைப்பது படித்தவர்களின் வியாதி.

மார்கழி பத்தாம் தேதி காலை. ஆற்றின் நடுவே இருக்கிற மணல்திட்டில் வெள்ளரி பயிரிடுகிறவர்களுக்கு ஒரு போர்வெல் போட வேண்டும். வண்டியை இறக்குவதற்கு முன்னால் இடம் குறித்துவிட்டு வரலாம் என்று அர்த்தநாரி கிளம்பினார். துணைக்குக் காளியப்பன் என்கிற வண்டி ஆள். வாசலில் மாசிலாமணி வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க ஐயா, ஆத்துக்குள்ள போறமுங்க. பனி உண்டுங்களா?"

மாசிலாமணி நிமிரவில்லை. பலகைப் பக்கம் விரலை மட்டும் நீட்டினார்.

அவர்கள் போய் அரை மணி நேரத்தில் ஆறு காணாமல் போனது. பிறகு மணல் போனது, கரைப்படி போனது. பத்து மணிக்குக் காளியப்பன் மட்டும் தவழ்ந்துகொண்டு வந்து சேர்ந்தான். அளக்கிற டேப் கீழே விழுந்ததாம். குனிந்து எடுத்தானாம். நிமிர்ந்தால் மேஸ்திரி இல்லையாம். கூப்பிட்டதற்கு நான்கு பக்கத்திலிருந்தும் பதில் வந்ததாம். எந்தப் பதிலைப் பார்த்துப் போவது என்று தெரியாமல் கால்தடத்தைத் தடவிக்கொண்டே வந்தேன் என்று அழுதான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் கரையில் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டுவார்கள். ஆள் வந்து சேரும்வரை நிறுத்தமாட்டார்கள். காளியப்பன் மடத்து வாசலிலேயே தட்டத் தொடங்கினான். படகுக்காரர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இரண்டு முறை உள்ளே போய்விட்டு வெறுங்கையோடு வந்தார்கள். அன்று வெயில் வரவில்லை. மறுநாள் விடிந்தும் வரவில்லை.

காலை ஏழு மணிக்குத் திருச்செங்கோட்டிலிருந்து அர்த்தநாரியின் மனைவி போன் செய்தாள். மாசிலாமணிதான் எடுத்தார். பனியில் வழி தெரியாமல் இருக்கிறார் என்று சொன்னார். அந்தப் பெண் பெரிதாகப் பதறவில்லை. இங்கேயும் பனிதான், எட்டு மணிக்கு வெயில் ஏறினால் விட்டுவிடும், அவரைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகச் சொல்லுங்கள் என்றாள். மாசிலாமணி போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் கேட்க ஆரம்பித்தது.

"பனி உண்டுங்களா ஐயா?"

அர்த்தநாரியின் குரல்தான். அதே கேள்விதான். காளியப்பனுக்கு அது கிழக்கே கேட்டது. மடத்துச் சமையற்காரருக்கு மேற்கே கேட்டது. மாசிலாமணிக்குக் காதோரம் கேட்டது. படகுக்காரர்கள் தாம்பாளத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். கோஹ்ரா பேச்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆள் போன பிறகும் இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருக்கும், அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு உள்ளே போனவர்கள் திரும்பியதில்லை என்றார்கள். இனி வெயில் வந்தால்தான் இறங்குவோம் என்றும் சொன்னார்கள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு மாசிலாமணி அம்மையிடம் போனார். அம்மை வாசற்படியில் உட்கார்ந்து அடுப்புக்கரியைச் சட்டியில் போட்டு ஊதிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க ஐயா."

"அறிக்கையில் தப்பில்லை. நான் எழுதினதிலும் தப்பில்லை. இந்த வருஷம் ஒரு வயல்கூடக் கருகலை. அவர் தப்பாப் புரிஞ்சுக்கிட்டார். இதில் என் பிழை எங்கே இருக்கு?"

அம்மை சட்டியை நகர்த்தி வைத்தார். சுண்ணாம்புக்கட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இப்ப எழுதுங்க. எந்தப் பிழையும் இல்லாம எழுதுங்க."

மாசிலாமணி பழைய வரியைத் துடைத்தார். யோசித்து யோசித்து எழுதினார். 'இவ்வாண்டு உறைபனி குறைவு. மூடுபனி மிகுதி. ஆற்றுக்குள் செல்ல வேண்டாம்.' ஒருமுறை படித்துப் பார்த்தார். ஒற்றுகூட விடுபடவில்லை.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு அம்மா."

"அப்படியே பலகையைப் பார்த்துக்கிட்டு பின்னால நடங்க. பத்து அடி."

மாசிலாமணி பின்னால் நடந்தார். மூன்றாவது அடியில் எழுத்து மங்கியது. ஐந்தாவதில் பலகை போனது. ஏழாவதில் தூணும் அம்மையும் போனார்கள். எட்டாவது அடியில் காலுக்குக் கீழே மணல் குளிர்ந்தது. பத்தாவது அடியில் நின்றபோது தன் கைகளைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. எங்கும் வெள்ளை. அதற்கு வாசனை இருந்தது, ஈரத்துணி மூட்டையைப் பிரித்த மாதிரி.

"படிங்க ஐயா." அம்மையின் குரல் மேலேயிருந்து வருவது போல இருந்தது.

"தெரியலை அம்மா."

"எழுத்து அழிஞ்சுபோச்சா?"

"இல்லை. அங்கேதான் இருக்கும். எனக்குத்தான் தெரியலை."

"அப்ப உங்க எழுத்தில் பிழை இல்லை."

மாசிலாமணிக்கு அழுகை வந்தது. அறுபத்தாறு வயதில் மணலில் நின்று அழுவதற்கு வெட்கமாக இருந்தது. பார்க்க யாரும் இல்லை என்பது ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது.

அப்போது தாம்பாளம் நின்றது.

அம்மைதான் அதன்மேல் கையை வைத்திருக்க வேண்டும். நேற்றுக் காலையிலிருந்து விடாமல் கேட்ட சத்தம். அது போனதும் உலகத்தில் ஒன்றுமே மிச்சமில்லாமல் ஆனது. படகுக்காரர்கள் ஏதோ கத்தினார்கள். பிறகு அவர்களும் அடங்கிவிட்டார்கள். மாசிலாமணி தன் மூச்சையே கேட்டுக்கொண்டு நின்றார். ஓர் அடி எடுத்து வைத்தார். அது மடத்துப் பக்கமா ஆற்றுப் பக்கமா என்று தெரியவில்லை. இன்னும் நான்கு அடி வைத்தார். கை எந்தத் தூணிலும் படவில்லை.

"அம்மா, எந்தப் பக்கம் வரணும்?"

அவர் மறுபடியும் கூப்பிட்டார்.

"அம்மா, எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

"அதைத்தானுங்க நானும் கேட்டுட்டிருக்கறேன்" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

மிக மெல்லிய குரல். தாம்பாளம் தட்டிக்கொண்டிருந்தால் அது கேட்டிருக்காது. முப்பத்தைந்து வருடம் காற்றையும் மேகத்தையும் அளந்தவருக்கு அந்தக் குரலை எதை வைத்து அளப்பது என்று தெரியவில்லை. படகுக்காரர்கள் சொன்னது ஞாபகம் வந்தது. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எந்தப் பக்கம் ஓடுவது?

"அர்த்தநாரியா?"

"பனி உண்டுங்களா ஐயா?"

அதே சொற்கள், அதே இழுப்பு. ஆள் பேசுகிற மாதிரியும் இருந்தது, பேச்சு மட்டும் மிஞ்சி நிற்கிற மாதிரியும் இருந்தது.

"உண்டு" என்றார் மாசிலாமணி. "உண்டுப்பா. நிறைய உண்டு. நான் சொல்லாம விட்டுட்டேன்."

மாசிலாமணி முழங்காலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் மணலைத் துழாவினார். ஒரு செருப்பு கிடைத்தது. அதற்கு அப்பால் ஈரத்துணி. அதற்கு அப்பால் ஒரு கை. விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. கிணற்று அடியில் கிடந்த கல்லைத் தொட்டது போல இருந்தது. நாடி பார்க்க முயன்றார். அவருடைய விரல்களே மரத்திருந்தன. துடிப்பது அந்தக் கையா தன் விரலா என்று சொல்ல முடியவில்லை.

"அம்மா" என்று கத்தினார். "ஒரு கை கிடைச்சிருக்கு. ஆனா உயிர் இருக்கான்னு தெரியலை. இது அவர்தானான்னுகூட எனக்குத் தெரியலை அம்மா."

தாம்பாளம் மறுபடியும் ஒலிக்கத் தொடங்கியது. அதற்கு நடுவே அம்மையின் குரல் வந்தது.

"நேத்து எல்லாம் தெரிஞ்சுதானே ஐயா விரலை நீட்டினீங்க. இன்னிக்கு ஒண்ணும் தெரியாமலே கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வாங்க."