நினைக்காமல் வந்த அடி

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பேஸ்பால் அணி இருந்தது. பந்து பிடிப்பார்கள், நன்றாக ஓடுவார்கள். அடிக்கத்தான் வரவில்லை. அந்த வருடம் ஆடியதெல்லாம் தோல்வி. இன்னொரு ஆட்டம் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாக அணியை நடத்திய சங்கத்தார் சொல்லிவிட்டார்கள்.

பயிற்சியாளர் தனிஸ்லாஸ் தானே போய், அடிக்கச் சொல்லித்தர மட்டும் ஒருவரை அழைத்து வந்தார். பெயர் பெர்பெத்துவா. அணியில் மூத்தவளான சண்முகக்கனியைவிட இளையவள்.

முதல் நாளே கனி கேட்டாள்.

"என் கையில எதை மாத்தணும் கோச்?"

"ஒண்ணும் மாத்த வேண்டாம்க்கா. மட்டையைத் தோள்ல வச்சிக்கிட்டு நில்லுங்க. அடிக்காதீங்க."

"அடிக்காம?"

"வர்ற பந்து நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லுங்க."

கனி நின்றாள். எல்லாப் பந்தும் நல்லதாகவே தெரிந்தது. பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னாள். எரிச்சலோடு தனிஸ்லாஸிடம் போனாள்.

"அடிக்கத் தெரியாதவளைச் சும்மா நிக்கச் சொல்லுதாங்க சார்."

"நில்லும்மா" என்றார் அவர்.

மறுபடி நின்றாள். போகப் போகப் பந்து மெதுவாக வருவதுபோல் இருந்தது. ஒரு மாலையில், எறிந்தவளின் விரலைவிட்டுப் பந்து கிளம்பும்போதே, "கெட்டது" என்றாள். அது எங்கோ விலகிப் போய் விழுந்தது.

"நாளையிலேர்ந்து அடிங்க" என்றாள் பெர்பெத்துவா.

அடுத்த ஆட்டத்தில் மட்டை பிடிக்கும் கடைசி முறை கனியுடையது. ஒரு ரன் பின்தங்கியிருந்தார்கள். ஓடிவந்து சேர்ந்தால் ஆளுக்கொரு ரன் என்று இரண்டு பெண்கள் காத்து நின்றார்கள். "அடி, அடி" என்று மைதானமே கத்தியது.

முதல் பந்து வெளியே போனது. விட்டாள். அடுத்தது காலடியில் வந்தது. அதையும் விட்டாள். சொந்த அணியிலேயே யாரோ திட்டினார்கள்.

மூன்றாவது பந்து இடுப்பு உயரத்தில் வந்தது. வீசினாள். பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய்ச் சுவரில் மோதியது. காத்திருந்த இருவரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். அணி பிழைத்தது.

கனி அழுதுகொண்டே வந்து பெர்பெத்துவாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழங்கையைத் தூக்கு, முழங்கையைத் தூக்குன்னு சார் வருஷக்கணக்கா கத்தினாரு. ஒண்ணும் நடக்கல. நீங்க வந்துதான் எனக்கு அடிக்க வந்துச்சு. இதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

பெர்பெத்துவா கேட்டாள்.

"அடிக்கும்போது முழங்கை எங்கக்கா இருந்துச்சு?"

கனி யோசித்தாள். "மேலதான் இருந்துச்சு."

"தூக்கணும்னு நினைச்சீங்களா?"

"இல்லையே. நான் பந்தைத்தான் பார்த்தேன். அது தன்னால வந்துச்சு."

தூரத்தில் தனிஸ்லாஸ் சிதறிக் கிடந்த மட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தன்னால வராதுக்கா" என்றாள் பெர்பெத்துவா. "நினைக்காமலே வர்ற வரைக்கும் ஒருத்தர் தொண்டை கட்டக் கட்டச் சொல்லியிருக்காரு."