மொக்கராசு கோழிக்குப் பார்த்த வைத்தியம்

ஊமத்தம்பட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். கேட்டால் அந்த ஊர்க்காரன் எவனாவது வழி காட்டுகிறேன் என்று கூடவே கிளம்பி வந்துவிடுவான். அப்புறம் நீங்களும் வீடு போய்ச் சேர மாட்டீர்கள், அவனும் போய்ச் சேர மாட்டான். நல்ல சனங்கள்தான். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களிடம் இருக்கிற தொந்தரவே அதுதான்.

அந்த ஊரில் மொக்கராசு என்று ஒருத்தன். கல்யாணம் ஆகவில்லை. ஒரு தடவை பெண் பார்க்கப் போனான். "பொண்ணைப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார்கள். பார்த்தான். "பாத்துட்டேன்" என்று சொன்னான். எழுந்து வந்துவிட்டான். அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

அவனுக்கு இருந்த ஒரே துணை செவலை என்கிற கோழி. அவன் கிணற்றடிக்குப் போனால் பின்னாலேயே போகும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் பாதியைத் தின்றுவிடும். ஊரிலேயே அவன் பேச்சை நடுவில் எழுந்து போகாமல் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். அதன் மேல் அவனுக்கு அப்படி ஒரு பிரியம்.

ஒரு நாள் காலையில், கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் பஞ்சாரத்தைத் தூக்குகிறான், செவலை வெளியே வரவில்லை. சிறகைத் தொங்கப் போட்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டு நின்றது. கம்புத் தானியத்தை அள்ளி இறைத்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மொக்கராசு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு வெயில்முத்தையும் சடையாண்டியையும் கூட்டி வந்தான். வெயில்முத்து அவனுக்கு மாப்பிள்ளை முறை. சடையாண்டி ஊருக்கே யோசனை சொல்கிறவன். வேறு வேலை எதுவும் அவனுக்குக் கிடையாது.

"தூங்குதோ என்னமோ மாமா?" என்றான் வெயில்முத்து.

"நின்னுக்கிட்டா தூங்கும்?"

"கோழி நின்னுக்கிட்டேயும் தூங்கும்."

"அப்ப தூக்கம் எது, சீக்கு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சடையாண்டி தாடையைத் தடவினான். "எழுப்பிப் பாரு. எந்திரிச்சா தூக்கம். எந்திரிக்கலேன்னா சீக்கு."

"அதான் நின்னுக்கிட்டு இருக்கேண்ணே! இதுக்கு மேல எங்க எந்திரிக்கும்?"

இது சரியான கேள்வி என்று மூன்று பேருக்கும் பட்டது. வெயில் ஏறும்வரை கோழியைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில், எந்திரிக்க முடியாததால் இது சீக்குதான் என்று முடிவுக்கு வந்து, பக்கத்து ஊர் மாட்டாஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள்.

டாக்டர் வெளியூர்க்காரர், பாவம். புதுசாக வந்தவர். "கோழி எங்கய்யா?" என்று கேட்டார்.

"வீட்ல இருக்குங்க."

"கொண்டு வரலையா?"

மொக்கராசுக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ன சார் நீங்க! சீக்காளியை இம்புட்டுத் தூரம் அலைய விடலாங்களா? நாங்க மூணு பேரும் நல்லாத்தான் இருக்கோம். அதான் நாங்க வந்தோம்."

டாக்டர் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கோழிக்கு என்னென்ன செய்கிறது என்று கேட்டு, மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். "காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சாப்பாட்டுக்கப்புறம்தான் கொடுக்கணும். கதகதப்பா வைங்க. முக்கியமா, மத்த கோழிங்ககிட்டேயிருந்து பிரிச்சு வைங்க. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள் அரைச்சுக் கொடுத்தாலும் நல்லது. மெதுவாத்தான் சரியாகும்."

வழியெல்லாம் மூன்று பேரும் இதை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஒரு சொல் பிசகவில்லை. வாசலுக்கு வந்ததும் மொக்கராசு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"மத்த கோழிங்ககிட்டேயிருந்து பிரிக்கச் சொன்னாரேண்ணே. எங்கிட்ட இவளைத் தவிர வேற கோழியே இல்லையே! இவ பிழைக்க மாட்டா போலிருக்கே!"

"அழாதேடா," என்றான் சடையாண்டி. "பிரிக்கணும்னா என்ன வேணும்? முதல்ல சேந்திருக்கணும். சேத்து வச்சுப் பிரிச்சுட்டாப் போச்சு."

தெருவில் வீடு வீடாகப் போய்க் கோழி இரவல் கேட்டார்கள். எதற்கு என்று கேட்டவர்களிடம் "பிரிக்கிறதுக்கு" என்றார்கள். அந்த ஊரில் இந்தப் பதிலே போதும். கொல்லை நிறையக் கோழி. நடுவில் செவலையை வைத்தார்கள். சேவல்கள் ஒன்றையொன்று கண்டதும் சண்டைக்கு நின்றன. பெட்டைகள் கூரையில் ஏறின, கிணற்றுச் சுவரில் ஏறின, ஒன்று சடையாண்டியின் தலையில் ஏறி யோசனையைக் கெடுத்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் வேலியைத் தாண்டிப் பறந்துவிட்டன. நின்ற இடத்தில் நின்றது செவலை ஒன்றுதான்.

"பிரிஞ்சிருச்சு," என்றான் வெயில்முத்து, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. யார் கோழி யார் வீட்டில் அடைந்தது என்று பெண்கள் அதற்கப்புறம் மயிரைப் பிடித்துச் சண்டை போட்டார்கள், அது வேறு கதை.

அடுத்து மாத்திரை. சாப்பாட்டுக்கப்புறம் கொடுக்க வேண்டும். செவலையோ ஒரு மணி கம்பைக்கூடத் தொடவில்லை.

"அது சாப்பிடலேன்னா என்ன?" என்றான் சடையாண்டி. "சாப்பாட்டுக்கப்புறம்னுதானே சொன்னாரு. யாரு சாப்பிடணும்னு சொன்னாரா?"

"சொல்லல."

"அப்ப நீ சாப்பிடு."

மொக்கராசு பழைய சோற்றுக் கும்பாவை எடுத்தான். வெயில்முத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, இது மனுசச் சாப்பாடு. கோழி மாத்திரைக்குக் கோழிச் சாப்பாடுதான் சரிப்படும்." அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. மொக்கராசு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கைப்பிடிப் பச்சைக் கம்பைத் தாடை நோக நோக மென்று தின்றான். ஏப்பம் வந்ததும் செவலையின் அலகைப் பிளந்து மாத்திரையைப் போட்டார்கள். சாயங்காலமும் அப்படியே. மொக்கராசுக்கு வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் அவளுக்காகத் தின்றோம் என்று ஒரு திருப்தி.

வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மஞ்சள் எல்லாவற்றையும் அம்மியில் வைத்து மைய அரைத்தார்கள். ஒரு உருண்டைதான் கோழிக்குள் போனது. மீதியை வீணாக்குவானேன் என்று மேலெல்லாம் பூசிவிட்டார்கள். கதகதப்பாக வைக்கச் சொன்னாரே என்று, வாய் அகன்ற மண்சட்டியில் அவளை உட்கார வைத்து, அடுப்புப் பக்கத்தில் வைத்துத் தீயை மட்டாக எரியவிட்டார்கள்.

தன் கோழியைத் தேடிக்கொண்டு எதிர்வீட்டு ஒச்சம்மா வந்தாள். சட்டியைப் பார்த்தாள். மசாலாவைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

"உப்புப் போட்டாச்சாடா?"

"டாக்டர் உப்பு சொல்லலைக்கா," என்றான் மொக்கராசு.

"உப்பு இல்லாம எப்படிடா? சரி, றெக்கையைப் பிடுங்கலையே?"

"அதையும் சொல்லலைக்கா. மெதுவாத்தான் சரியாகும்னாரு."

"மெதுவா வெந்தாத்தான்டா ருசி," என்றாள் ஒச்சம்மா. வீட்டுக்குப் போய்ச் சோறு கொஞ்சம் கூட வடித்து இறக்கிவிட்டு, கிண்ணத்தோடு திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாய்ந்தபிறகு, இப்படி ஒரு சமையலை நான் கண்டதில்லை என்று ஏசிக்கொண்டே போனாள்.

மறுநாளும் செவலை கண் திறக்கவில்லை. மொக்கராசுக்கு மனசு விட்டுப்போயிற்று. அவளை மடியில் வைத்துக்கொண்டு, "நீ போயிட்டா நான் யார்கிட்ட பேசுவேன் தாயி?" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் அழுகிற அழுகையைப் பார்க்கச் சகிக்காமல் வெயில்முத்து பூசாரி வீரணனைக் கூட்டி வந்தான். ஊருக்கு வெளியே இருக்கிற ஒத்தப்பனை முனிக்குப் பூசை வைக்கிறவர்.

"மருந்தெல்லாம் மனுசன் கொடுக்கிறது," என்றார் பூசாரி. "முனிகிட்ட நேந்துக்க. உங்கிட்ட இருக்கிறதுலயே ஒசத்தியான உயிர் எதுவோ, அதை அறுத்து வைக்கிறேன்னு வேண்டிக்க. எந்திரிச்சு நடக்குதா இல்லையான்னு பாரு."

மொக்கராசு ஓடிப்போய் முனி காலில் நெடுஞ்சாண் கிடையாக விழுந்தான். "சாமி, எங்கிட்ட இருக்கிற ஒசத்தியான உயிர் செவலை ஒண்ணுதான். செவலையைப் பிழைக்க வச்சிரு. பிழைக்க வச்சா செவலையை உனக்கு அறுத்து வைக்கிறேன்."

திரும்பி வந்து சொன்னான். நண்பர்கள் பாராட்டினார்கள்.

"நல்ல வேண்டுதல்டா," என்றான் சடையாண்டி. "பிழைச்சா சாமிக்கு லாபம். பிழைக்கலேன்னா அறுக்க வேண்டியதில்ல, உனக்கு லாபம்."

மாத்திரை வேலை செய்ததோ, முனி வேலை செய்தாரோ, இல்லை அந்தச் சட்டியில் இன்னொரு நாள் உட்கார வேண்டுமே என்ற பயம்தான் வேலை செய்ததோ, எனக்குத் தெரியாது. விடிந்ததும் செவலை கொக்கரித்துக்கொண்டு எழுந்து, சிறகை ஓர் உதறு உதறி, கம்பைக் கொத்த ஆரம்பித்துவிட்டாள். மொக்கராசு அவளைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக ஆடினான். பூசாரி வீட்டு வாசலிலும் ஆடினான்.

"சந்தோசம்ப்பா," என்றார் பூசாரி. "வர்ற வெள்ளிக்கிழமைக்குக் கத்தியைத் தீட்டி வைக்கிறேன்."

ஆட்டம் நின்றுவிட்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"பழையபடி சீக்காக்கிட்டா?" என்றான் வெயில்முத்து. "பிழைச்சாத்தானே அறுக்கணும்?"

மூவரும் டாக்டரிடம் ஓடினார்கள். இந்தத் தடவை கோழியையும் கொண்டுபோனார்கள், நன்றாக இருக்கிறதல்லவா. டாக்டர், "அட, குணமாயிடுச்சே!" என்றார்.

"ஆமாங்க, அதாங்க கஷ்டம்," என்றான் மொக்கராசு. "எடுத்த சீக்கைத் திருப்பிக் கொடுத்திருங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டாக்டர் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொல்லை வாசல் வழியாகப் போய்விட்டார் என்பது ஆஸ்பத்திரியைப் பூட்டும்போதுதான் இவர்களுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஊரே ஒத்தப்பனைக்குக் கீழே கூடிவிட்டது. மொக்கராசு செவலையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். கண்ணீர் தாடையில் வடிந்தது. பூசாரி சொம்பில் மஞ்சள் தண்ணீரை எடுத்தார். அந்தப் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெட்டுவதற்கு முன் ஆடோ கோழியோ அதன் தலையில் தண்ணீரைத் தெளிப்பார்கள். தலையைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாவிட்டால் சாமிக்கு அது வேண்டாம்.

"சிலுப்பிடாதே தாயி," என்று மொக்கராசு அவள் காதோரம் கெஞ்சினான். "என்ன வந்தாலும் சிலுப்பிடாதே."

பூசாரி தெளித்தார். செவலை கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தாள். மறுபடி தெளித்தார். அவள் அசையவில்லை. பூசாரிக்கு எரிச்சல் வந்து, சொம்பை அப்படியே வீசி ஊற்றினார். குறி தப்பி அத்தனை தண்ணீரும் மொக்கராசின் பிடரியில் விழுந்து முதுகில் இறங்கியது. விடிகாலைக் கிணற்றுத் தண்ணீர். மொக்கராசு உடம்பெல்லாம் வெடவெடக்கத் தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பினான்.

கூட்டம் ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

"உத்தரவு வந்திருச்சு," என்றான் சடையாண்டி.

"யாருக்குண்ணே?" என்றான் வெயில்முத்து.

"சிலுப்பினது யாரு?"

"மாமா."

"அப்ப மாமாவுக்குத்தான்."

"அது தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சுய்யா," என்றான் மொக்கராசு.

"எல்லா ஆட்டுக்கும் ஜில்லுன்னுதான்டா இருக்கும்," என்றான் சடையாண்டி. " ஆடு வந்து நம்மகிட்ட சொல்லுதா?"

மொக்கராசு கையிலிருந்த செவலையைக் குனிந்து பார்த்தான். "அப்ப செவலையை முனி வேண்டாம்னுட்டாரா?"

"வேண்டாம்னுட்டாரு," என்றார் பூசாரி. "இனி அதை யாரும் தொட முடியாது."

மொக்கராசு முகம் மலர்ந்துவிட்டது. செவலையை முத்தம் கொஞ்சிக் கீழே இறக்கிவிட்டான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பூசாரிக்கு வசதியாகக் குனிந்து கழுத்தைக் காட்டினான்.

பூசாரி கத்தியைப் பார்த்தார். மொக்கராசைப் பார்த்தார். விலாவில் ஒவ்வோர் எலும்பாகத் தடவினார். "அட கிரகமே, இது என்னப்பா வெறும் எலும்பாவுல்ல இருக்கு? இவ்வளவு பெரிய உயிரைச் சும்மா வெள்ளிக்கிழமைப் பூசையில வெட்ட முடியாது. ஆடித் திருவிழாவுக்கு விட்டிருவோம். அதுவரைக்கும் இவன் முனிக்கு நேந்துவிட்ட உயிரு. எங்க வேணா மேயலாம். யாரும் கட்டக்கூடாது, விரட்டக்கூடாது."

அன்றிலிருந்து மொக்கராசு ஊருக்குள் மேய்கிறான். காலையில் ஒரு வீட்டில் இட்லி, மத்தியானம் இன்னொரு வீட்டில் கறிச்சோறு, சாயங்காலம் டீக்கடையில் வடை. ஒருத்தரும் ஏனென்று கேட்பதில்லை. சாமிச் சொத்து.

ஆனி முடியப் போகிற சமயம் ஒச்சம்மா வீட்டுப் பந்தியில் அவன் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் தோளை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ஆடி வரப்போகுது. இன்னும் சதை பிடிக்கலையேடா."

மொக்கராசு வெட்கப்பட்டுப் போனான். "எனக்கும் அதே கவலைதான்க்கா," என்று இலையை முன்னால் தள்ளினான். "முனி என்னை நம்பிக் காத்துக்கிட்டிருக்காரு. அள்ளி வைங்க."