வெங்காயத்துக்குக் கட்டுப் போட்ட வைத்தியர்

முன்னொரு காலத்தில், அழுவதற்கென்றே ஒரு வெள்ளிக் கிண்ணம் வைத்திருந்த ராஜா ஒருவர் இருந்தார். பெயர் சுந்தரகேசரி. இரக்க குணம் அவருக்கு நிறையவே உண்டு, அதை யார் மேல் காட்டுவது என்பதுதான் பிடிபடவில்லை. அடிபட்டவர்கள் ஊருக்கு நூறு பேர், அரண்மனை வைத்தியரோ ஒரே ஒருவர். யோசித்து யோசித்து ஓர் ஆணை போட்டார்.

"மாதம் பிறக்கும் நாளில் அடிபட்டோர் சபைக்கு வரட்டும். யாரைப் பார்த்து என் கண்ணில் அதிகச் சொட்டுக் கண்ணீர் வருகிறதோ, அந்த மாதம் வைத்தியர் அவருக்கே!"

ராஜாவின் தாடைக்கு அடியில் கிண்ணம் பிடிக்க ஒரு சேவகன், சொட்டுகளை விரல் விட்டு எண்ண இன்னொருவன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்த நாட்டில் ராஜா அழுதால்தான் குடிமக்களுக்கு மருந்து.

இதில் கொழுத்துப்போனவர் தர்மசேகரர், அறச்சாலையின் அதிகாரி. ராஜாவுக்கு எதைப் பார்த்தால் அழுகை வரும் என்பது அவருக்கு மனப்பாடம். கண் பெரிதாக இருக்க வேண்டும், சத்தம் மெலிதாக இருக்க வேண்டும், சீழ் கூடவே கூடாது. காசு கொடுத்தவரின் பிராணியை அதற்கேற்பச் சபையில் நிறுத்திவிடுவார். அப்படித்தான் போன மாதம் நொண்டி மைனா ஜெயித்தது, அதற்கு முந்தைய மாதம் காது கிழிந்த முயல். கை முறிந்த மனிதர்கள் கையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அரண்மனை விகடகவி சடையாண்டிக்கு இதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த மாதம் அவன் ஒரு கட்டிலைச் சுமக்க வைத்துச் சபைக்குக் கொண்டுவந்தான். கட்டிலில் மாடத்தி. ராஜாவின் அன்னம் நீந்தக் குளம் வெட்டியபோது பாறை உருண்டு அவள் கால் முறிந்திருந்தது. முழங்கால் பூசணி போல் வீங்கிவிட்டது. இன்றைக்குள் எலும்பைச் சேர்த்துக் கட்டாவிட்டால் காலையே எடுக்க வேண்டியதுதான் என்று வைத்தியரே சொல்லியிருந்தார்.

தர்மசேகரருக்குச் சடையாண்டியைக் கண்டாலே ஆகாது. வாய்ப்பை விடுவாரா?

"மன்னா, விகடகவி கொண்டுவந்த ஆள் தோற்றால் விகடகவியே இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது. சம்மதமா என்று கேளுங்கள்."

"சம்மதம்" என்றான் சடையாண்டி. சொல்லிவிட்டு இடுப்பு மடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

முதலில் பட்டு மெத்தையில் அன்னம் வந்தது. அதே குளத்து அன்னம். காயம்? வாலில் ஓர் இறகு உதிர்ந்திருந்தது. அது கழுத்தை வளைத்து ராஜாவைப் பார்த்தது. சொட்டு, சொட்டு.

"ஏழு!" என்று கூவினான் சேவகன்.

அடுத்து மாடத்தி. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ராஜாவை முறைத்தாள். ராஜா கண்ணைக் கசக்கினார், மூக்கை உறிஞ்சினார். கிண்ணம் காய்ந்தே கிடந்தது.

"இந்த அம்மாளைப் பார்த்தால் அழுகை வரவில்லை. பயமாக அல்லவா இருக்கிறது!" என்றார்.

தர்மசேகரர் மீசையைத் தடவினார். சடையாண்டி இடுப்பு மடியிலிருந்து எதையோ எடுத்து, ராஜாவின் மூக்குக்கு நேரே பிடித்துச் சரக்கென்று இரண்டாக நறுக்கினான்.

"மன்னா, இன்னொருவரும் வந்திருக்கிறார். தோல் உரிந்தவர், இடுப்போடு வெட்டுப்பட்டவர், வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாதவர்."

வெங்காயம்! ராஜாவின் கண்கள் பொலபொலவென்று கொட்டின.

"பன்னிரண்டு!"

"ஆணைப்படி வைத்தியர் வெங்காயத்துக்கே" என்று வணங்கினான் சடையாண்டி.

"அநியாயம்! அது வெங்காயம்!" என்று குதித்தார் தர்மசேகரர்.

"மைனாவும் முயலும் ஜெயித்தபோது ஆணையில் ஆள் யார் என்று பார்க்கவில்லையே ஐயா. சொட்டுதானே பார்த்தோம்?"

ராஜ வாக்கு மாறக் கூடாது. வைத்தியர் பெருமூச்சு விட்டு வெங்காயத்துக்கு நாடி பார்த்தார், பித்தம் ஏறியிருக்கிறது என்றார். பிறகு மூங்கில் பத்தை வைத்து, துணி சுற்றி, பயபக்தியோடு கட்டுப் போட ஆரம்பித்தார்.

மாடத்தியால்தான் பொறுக்க முடியவில்லை.

"வைத்தியரய்யா! கட்டுறதுதான் கட்டுதீரு, கூட ரெண்டு பச்சமொளகாயும் வச்சுக் கட்டும். எனக்குக் காலு போனா போவுது, கஞ்சிக்குத் தொட்டுக்கிடவாவது ஆவும்!"

ராஜா அவளைப் பார்த்தார். கட்டுப் போட்ட வெங்காயத்தைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிம்மாசனம் ஆடியது, கிரீடம் காதில் தொங்கியது, கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. சடையாண்டி பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கித் தாடைக்கு அடியில் பிடித்தான்.

"எண்ணடா!"

"பதினெட்டு, பத்தொன்பது, இருபது... சாமி, கைவிரல் கால்விரல் எல்லாம் தீர்ந்துபோச்சு!"

"யாரைப் பார்த்து வந்த கண்ணீர் மன்னா?"

"மாடத்தியைப் பார்த்து!" என்றார் ராஜா, மூச்சு வாங்க.

"அது சிரிப்பில் வந்த கண்ணீர்! செல்லாது!" என்று அலறினார் தர்மசேகரர்.

சடையாண்டி கிண்ணத்தை அவரிடம் நீட்டினான். "நக்கிப் பாருங்கள் ஐயா. உப்புக் குறைந்தால் தள்ளிவிடலாம்."

வைத்தியர் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு மாடத்தியின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். எலும்பைச் சேர்த்தபோது அவள் போட்ட ஒரே கூச்சலில் அன்னம் மெத்தையை விட்டே பறந்துவிட்டது.

"என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார் ராஜா சடையாண்டியிடம்.

"அந்தக் கிண்ணம்."

கிடைத்ததும் அதை வைத்தியரிடம் தந்தான். "இதில் எண்ணெய் காய்ச்சுங்கள். வாசலில் நிற்கிறவர்களில் யார் காயம் பெரிதோ, அவருக்கு முதலில் பூசுங்கள்."

ராஜா வெட்கத்தோடு தலையாட்டினார். பிறகு தர்மசேகரர் பக்கம் திரும்பினார். "அன்னத்தைவிட வெங்காயத்துக்குச் சொட்டு அதிகம். அது குணமாகும்வரை நீர்தான் அதற்கு வைத்தியர். தினமும் சபைக்கு வந்து உடல்நிலை சொல்ல வேண்டும்."

"நேற்றைவிடத் தேவலை மன்னா" என்று தினமும் தலைகுனிந்து சொன்னார் தர்மசேகரர். சபைத் தொட்டியின் ஈர மண்ணில் அவர் நட்டு வைத்த வெங்காயத்தின் அடிப்பாதி ஒருநாள் பச்சையாக முளைவிட்டதும், தம்மையறியாமல் கைதட்டிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, கம்பு ஊன்றி மாடத்தி தன் காலாலேயே சபைக்கு நடந்து வந்தாள். யாரும் எதுவும் சொல்வதற்குள் தொட்டியில் இருந்த வெங்காயத்தாளைக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டாள்.

"கஞ்சிக்கு" என்றாள்.

ராஜா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. புறங்கையால் தானே துடைத்துக்கொண்டார்.