பாட்டுக் கொட்டகையில மூணு சத்தம்

ஒரு ஊர்ல ஒரு பூவாயி. ரொம்பக் கூச்சக்காரி. கடையில உப்பு வேணும்னாலும் வாயைத் திறக்க மாட்டா, விரலைத்தான் காட்டுவா. அவளுக்கு ரெண்டு புள்ளைங்க. மூத்தவ தவமணி, சின்னவன் கதிரு. ம் சொல்லு.

ம்.

அப்புறம், அந்த ஊருக்கு ஒரு பாட்டு நாடகம் வந்துச்சு. அதுல பேச்சே கிடையாது. கோவம் வந்தாலும் பாட்டு, பசிச்சாலும் பாட்டு. ஒரே ஒரு நாள்தான், மறுநாள் கொட்டகையைப் பிரிச்சு வண்டியில ஏத்திருவாங்க. "கூட்டிட்டுப் போம்மா, கூட்டிட்டுப் போம்மா"ன்னு ரெண்டும் முந்தானையைப் புடிச்சுத் தொங்குதுங்க. பூவாயிக்கும் உள்ளுக்குள்ள ஆசைதான். சரின்னுட்டா.

கொட்டகை வாசல்ல காவக்காரர் சடையாண்டி. கையில தடி, மீசை இந்தத் தண்டி.

"ஏம்மா, இது சின்னப் புள்ளைங்க பாக்குற நாடகமா? திரை ஏறிட்டா உள்ள யாரும் பேசப்படாது. பாட்டு மட்டும்தான் கேக்கணும். மூணு சத்தம் வரட்டும், மூணு பேரும் வெளிய!"

பூவாயி தலையை மட்டும் ஆட்டினா.

அப்போ விளக்கெல்லாம் மெல்ல மெல்ல அணைஞ்சுச்சு. திரை சர்ர்ர்ருன்னு ஏறுச்சு. மேடை பூரா சோளக்காடு, மஞ்ச வெயிலு. அதுக்குள்ள ஒரு ராணி மிதக்குற மாதிரி நடந்து வந்தா. தோழிகிட்ட தண்ணி கேட்டா. பாட்டுலதான். "தண்ணீ... ஈ... ஈ..."ன்னு மேல ஏறி, கீழ இறங்கி, சுத்திச் சுத்தி வருது பாட்டு.

"ஏம்மா, பாடி முடிக்குறதுக்குள்ள தாகத்துல மயங்கிர மாட்டாங்களா?"ன்னான் கதிரு.

"ஒண்ணு!"ன்னார் சடையாண்டி.

அப்புறம் ராஜா வந்தார், தொம் தொம்னு. பாட்டுல கோவப்பட்டார். கோவத்துல தாடி ஒரு பக்கம் கழண்டு தொங்குச்சு. தவமணி களுக்குன்னு சிரிச்சுட்டா.

"ரெண்டு!"

பூவாயி ரெண்டு புள்ளைங்க வாயையும் ரெண்டு கையால பொத்திக்கிட்டா. ம்?

ம்.

அப்போ காகிதக் கிளிங்க படபடபடன்னு கயித்துல இறங்கி, ராணியோட சோளத்துல உக்காந்துச்சு. கதிரு யாரு? வீட்டுச் சோளக்கொல்லையில தினம் பரண்ல நின்னு கிளி ஓட்டுறவன். சும்மா இருப்பானா? அம்மா கையை உதறிட்டு பெஞ்சு மேல ஏறி, "ஆலோலோலோ! போ! போ!"

மேல கயிறு புடிச்சவங்க பயந்துபோய் இழுக்க, கிளியெல்லாம் விர்ர்ருன்னு மறைஞ்சுபோச்சு. ராணி பாட்டுப் பாடி ஓட்ட வேண்டிய கிளி ஒண்ணுகூட இல்ல. மேளம் நின்னுபோச்சு.

"மூணு! எந்திரிங்க, வெளிய!"

ராணி மேடை ஓரத்துக்கு வந்து பாடினா. "காவலரே... காவலரே... இங்க யாரும் பேசக்கூடாதே... எதுவா இருந்தாலும் பாட்டாச் சொல்லுங்களே..."

சட்டம் எல்லாருக்கும்தானே? சடையாண்டி தொண்டையைச் செருமினார். "வெளிஈஈயே..." அய்யோ, எருமை கத்துற மாதிரி இருக்கு! சனமெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்குது. அவருக்குக் காதெல்லாம் செவந்துபோச்சு.

"நீ மட்டும் பாடிருவியாக்கும்?"னு பூவாயி காதுல கடுகடுன்னார். "பாடினா இரு. பாடலைன்னா நடையைக் கட்டு."

பூவாயியா? உப்பு கேக்கவே கூசுறவ, இத்தனை சனத்துக்கு முன்னால பாடுவாளா? திரும்பிப் பாத்தா, கதிரு கண்ணுல தண்ணி முட்டி நிக்குது. அவ கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. அவளுக்குத் தெரிஞ்சது ஒரே பாட்டு.

"ஆராரோ... ஆரிரரோ..."

ஆர்மோனியக்காரர் மெல்லக் கூடச் சேர்ந்தார். சடையாண்டிக்கு யாராச்சும் தாலாட்டுப் பாடி எத்தனை வருஷமாச்சோ! மீசை தொங்குச்சு. கண்ணு சொக்குச்சு. தடி நழுவுச்சு, டொக். பெஞ்சு ஓரத்துல உக்காந்தார், சாஞ்சார். கொர்ர்ர்...

ம்...?

ம்...

ராணி உதட்டுல விரலை வச்சா, உஷ்ஷ். அப்புறம் மிச்ச நாடகம் பூராவும் ரகசியமாவே நடந்துச்சு. ராஜா குசுகுசுன்னு கோவப்பட்டார். மேளக்காரர் ஒத்த விரலால தும்... தும்...னு தட்டினார். கிளிங்க பஞ்சு மாதிரி ஒவ்வொண்ணா இறங்குச்சு. கதிரு ஓட்டல. தின்னுக்கோங்கன்னு தலையை ஆட்டினான். கடைசித் திரை விழுற வரைக்கும் மூணு பேரும் பாத்தாங்க.

அப்புறம் சனமெல்லாம் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, நுனிக்கால்ல சடையாண்டியைத் தாண்டித் தாண்டி வெளிய போச்சு. பின்னாலயே ராஜாவும் ராணியும், கிரீடத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு.

அவங்களுக்கும் பின்னால, கதையும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. சத்தம் போடாதே தங்கம்... கண்ணை மூடு.