இருபத்தெட்டு நொடி நிற்பவர்

விடை தெரிந்துவிட்டது என்று பாதியிலேயே துள்ளுகிறவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். இது சாவு வீட்டுக்குப் பெட்டி அனுப்புகிறவரின் கதை. கடைசிவரை கேட்டால்தான் கணக்குத் தீரும்.

அருப்புக்கோட்டையில் இருளப்பன் என்றொருவர் இருந்தார். இறந்தவர்களைக் கிடத்தும் ஃப்ரீசர் பெட்டிகள் பன்னிரண்டு வைத்து வாடகைக்கு விட்டுவந்தார். தொலைபேசியை எடுப்பது மனைவி பேச்சியம்மாள். “யாருங்க தவறினது?” என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. “எந்தத் தெருவுக்குங்க?” என்று மட்டும் கேட்பார். அழுகிறவர்களிடம் அதற்கு மேல் கேட்கலாகாது என்பது அவர் கட்சி. அவர் உடம்பும் சரியில்லை. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டுதான் நடமாடினார்.

இருளப்பன் ஆசை ஆசையாக ஓர் இணையதளம் வைத்திருந்தார். திறந்தால் சங்கு ஊதும். ரோஜா மாலை சார்த்திய பெட்டியின் படம் திரை முழுக்கத் துண்டு துண்டாக இறங்கும். அதற்கப்புறம்தான் தொலைபேசி எண். அதன் கீழே ஒரு சின்னப் படிவம். வாய் திறந்து பேசமுடியாதவர்கள் ஊரையும் தெருவையும் எண்ணையும் எழுதி அனுப்பட்டும் என்று பேச்சியம்மாள் கேட்டு வைத்தது. எல்லாம் வந்து சேர இருபத்தெட்டு நொடி ஆகும். பிணத்தை நடுவீட்டில் போட்டுக்கொண்டு யார் அவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? தொழில் படுத்துவிட்டது.

பக்கத்துத் தெருவில் மெர்லின் என்று ஒரு பெண், இணையதளங்களைச் சீர்செய்து கொடுப்பவள். வந்து பார்த்தவள், யார் யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்ற பதிவை எடுத்து நீட்டினாள்.

“அண்ணாச்சி, வர்றவங்க நாலு செகண்டுல கெளம்பி வேற பெட்டிக்காரரைத் தேடிப் போயிர்றாங்க.”

“எல்லாருமா?”

மெர்லின் தயங்கினாள். “ஒருத்தர் மட்டும் நிக்கிறாரு. முழுசா இருபத்தெட்டு செகண்டு. படிவத்துல ஊரும் தெருவும் போடுறாரு. நம்பர் மட்டும் போடமாட்டேங்கிறாரு.”

எண் இல்லாத அந்தப் படிவங்களை யாரோ விளையாடுகிறார்கள் என்று பேச்சியம்மாள் ஒதுக்கி வைத்திருந்தார். இருளப்பன் அவற்றை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெட்டிக்காரருக்கு ஊரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்றுகூடத் தப்பாது. படிவத்தில் இருந்த ஒவ்வொரு தெருவிலும், அது வந்து இரண்டு நாள் கழித்து ஒரு சாவு விழுந்திருந்தது. அதை அவர் மெர்லினிடம் சொல்லவில்லை. பயத்தைச் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று நினைக்கிற ரகம் அவர்.

மெர்லின் சங்கை எடுத்தாள். படத்தைச் சுருக்கினாள். எண்ணைத் தலைமாட்டுக்குக் கொண்டுவந்தாள். பக்கம் இப்போது இரண்டே நொடியில் திறந்தது. தொலைபேசி ஓயவில்லை. பன்னிரண்டு பெட்டியும் வீடு திரும்ப நேரமில்லாமல் ஓடின. ஒன்றுதான் அவளுக்குப் புரியவில்லை.

“எல்லாம் ரெண்டு செகண்டுல வந்துருது அண்ணாச்சி. அந்த ஆளு இப்பவும் இருபத்தெட்டு செகண்டு நிக்கிறாரு. எதைப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு?”

“விடும்மா” என்றார் இருளப்பன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ குடிக்கும் நேரத்தில் ஒரு படிவம் வந்தது. அருப்புக்கோட்டை, வேப்பமரத் தெரு. எண் இல்லை. அது இருளப்பனின் தெரு. மொத்தம் ஏழே வீடு. அதில் நோயாளி என்று இருந்தது ஒரே ஆள்.

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அவர் மெர்லினைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “பழைய படத்தைப் போடு. சங்கைப் போடு. இன்னும் கனமா என்னென்ன உண்டோ எல்லாத்தையும் போடு. பக்கம் திறக்கவே கூடாது. நாமதான் வழியை வேகமாக்கி விட்டுட்டோம்.”

விஷயம் முழுவதையும் கேட்ட மெர்லின் மடிக்கணினியை இழுத்துக்கொண்டாள். “பக்கம் கெடக்கட்டும் அண்ணாச்சி. படிவத்தை அடைச்சிருவோம். யாரு அமுக்குனாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும், நமக்கு வந்து சேராது” என்றாள். சொல்லும்போதே படிவத்தை அடைத்தும்விட்டாள். அதோடு திருப்திப்படாமல் படத்தையும் சங்கையும் இருளப்பன் திரும்ப ஏற்றச் செய்தார்.

கையில் ஊசி குத்திய கட்டோடு பேச்சியம்மாள் உள்ளே வந்தார். “ஏத்துனதையும் எடு, அடைச்சதையும் தெறம்மா. நேத்து இருந்த மாதிரியே இருக்கட்டும்.”

“தெருப் பேரைப் பாத்தியா பேச்சி?”

“நான்தாங்க மொதல்ல பாத்தேன்.” அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “போன வாரம் ஒரு பொண்ணு. புருசன் போயிட்டான். அவ படிவத்துல போட்ட நம்பருக்கு நான் கூப்பிட்டா அந்தப் பக்கம் சத்தமே வரல. படிவத்துல தெரு இருந்ததுனாலதான் பெட்டி அனுப்புனோம். அவளை வட்டத்தைப் பாத்துக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா?”

இருளப்பன் கெஞ்சினார், கோபப்பட்டார், கடைசியில் குழந்தையைப் போல அழுதார். பேச்சியம்மாள் அசையவில்லை. மெர்லின் அவர் சொன்னபடியே எல்லாவற்றையும் மாற்றினாள். பக்கம் இரண்டு நொடியில் திறந்தது.

மனைவியைக் காக்கப் பக்கத்தையே முடக்கினார் இருளப்பன். பக்கத்தை விட்டுப் படிவத்தை மட்டும் அடைத்தாள் மெர்லின். இரண்டையும் திறந்துவிடச் சொன்னார் பேச்சியம்மாள். யோசித்துச் சொல்லுங்கள், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பேச்சியம்மாள் செய்ததே சரி. அந்த ஆள் மெதுவான பக்கத்திலும் இருபத்தெட்டு நொடி நின்றார், வேகமான பக்கத்திலும் அதே இருபத்தெட்டு நொடி நின்றார். அவருக்கு அவருடைய நேரம்தான் கணக்கு. தாமதம் விரட்டுவது உயிரோடு இருக்கிறவர்களை மட்டுமே. படிவத்தை அடைத்தாலும் வாயடைத்துப்போனவர்கள்தான் தவிப்பார்கள், வருகிறவர் வராமல் இருக்கமாட்டார். இருளப்பனுக்கு இது புரிய இரண்டு நாள் ஆனது. வியாழக்கிழமை காலை பேச்சியம்மாள் கண்மூடியபோது அவருடைய பன்னிரண்டு பெட்டியும் பன்னிரண்டு வீடுகளில் இருந்தன. இருளப்பன் தன் கைப்பேசியில் வேறொரு பெட்டிக்காரரின் பக்கத்தைத் திறந்தார். வெள்ளைத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “திறந்து தொலையேன்டா, என் பேச்சி வெக்கையில கெடக்கா” என்று அந்தக் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார்.