முளைமாவுக் கஞ்சி

"அம்மா, நான் சொல்லுதது ஒண்ணும் எம் மக காதுல ஏற மாட்டேங்கு!"

ஆவுடையப்பன் ஆசிரமத்து அடுக்களைக்குள் புயலாக நுழைந்தார். ஒரு காலத்தில் குஸ்தி வாத்தியார். இன்றைக்கு, மகள் வயதுள்ள ஆசிரமத் தலைவி செண்பகத்தம்மாவுக்குச் சீடர். குரல் மட்டும் இன்னும் கோதாவை விட்டு இறங்கவில்லை, பாவம்.

பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவர் தலைமுழுகிய மகள் சிவகாமி, கைக்குழந்தையோடு அவரைப் பார்க்க வந்திருந்தாள். வந்ததுமே சண்டை. விருந்தினர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்கால பஸ்ஸில் போனால் இனி வரவே மாட்டாள்.

"மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றார் அம்மா.

"கேக்காம? கதவை இடிச்சுல்ல கேட்டேன்!"

"என்னன்னு?"

"ஏட்டி, மன்னிப்பியா மாட்டியான்னு."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

"சரி, முதல்ல பேரனுக்குக் கஞ்சி. ரொம்பக் கெட்டியா இருக்கு, பிள்ளை முழுங்காது. முளைகட்டின கேப்பை மாவு ஒரு கரண்டி போட்டா இளகிடும்."

வாத்தியார் பொறுப்பாரா? கொதிக்கிற பானையில் அப்படியே கொட்டினார். கிண்டினார். ஊஹும். இன்னொரு கரண்டி கொட்டினார். அகப்பை குத்திட்டு நின்றது!

"இது செத்த மாவும்மா."

"கொன்னது யாரு?"

அவர் குத்திட்டு நின்ற அகப்பையைப் பிடுங்கப் பார்த்தார்.

"முளைக்கிற தானியம் தன் குருத்துக்குச் சோறூட்ட நொதின்னு ஒண்ணை உண்டாக்குது. கெட்டி மாவை நறுக்கி நறுக்கி இளக்கும், தான் தேயாது. கொதியில போட்டா உருக்குலைஞ்சிடும். அப்புறம் எத்தனை கரண்டி போட்டு என்ன?"

அம்மா கொஞ்சம் கஞ்சியைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தார்.

"இப்பப் போடவா?"

"பொறுங்க."

"இப்ப?"

"பொறுங்கய்யா!"

ஆவி அடங்கியது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அம்மா அரைக் கரண்டி மாவைத் தூவிக் கலக்கினார். சற்று நேரத்தில் கஞ்சி நெகிழ்ந்து, கரண்டியிலிருந்து வழிந்தது.

"அடடடா! தண்ணி ஊத்தினீங்களா?"

"சொட்டுக்கூட இல்லை."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மகளின் அறைக்கு ஓடினார்.

இடிக்கக் கை ஓங்கினார்.

நின்றார்.

ஓங்கிய கையைக் கீழே இறக்கினார். உள்ளே பேரன் சிணுங்கினான். அவர் அசையவில்லை. மூச்சு சீராகும்வரை அங்கேயே நின்றார்.

பிறகு, அவருக்கே சரியாகக் கேட்காத குரலில் கூப்பிட்டார்.

"சிவகாமி... அப்பா வந்திருக்கேம்மா."

தாழ்ப்பாள் விலகியது.

"உள்ள வாங்கப்பா."