ஆவுடையப்பன் நம்பர்

ஒரு ஊர்ல ஒரு போன் நம்பர் இருந்துச்சாம். ராஜா இல்லடி மிரு, நம்பர்தான். ராஜா கதையெல்லாம் உங்கம்மா சொல்லுவா, அத்தைக்குத் தெரிஞ்சது இதுதான். காலை ஆட்டாத. இன்னிக்கு ஷட்டவுன், சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் கரண்ட் வரும். நீ காலை ஆட்டுனா ஃபேன் சுத்தாது. உன் டேப்பும் ஆஃப் ஆயிடுச்சு. என் போன்ல எட்டு பர்சன்ட்தான் இருக்கு, அத தரமாட்டேன், கேக்காத. மத்தியானம் உன்னத் தூங்க வைக்கணும்னு உங்கம்மா சொல்லிட்டுப் போயிருக்கா. கண்ண மூடு. நான் விசிறுறேன். நீ "ம்" கொட்டணும், சரியா?

"ம்."

அந்த நம்பர் கோவில்பட்டியில ஆவுடையப்பன்னு ஒருத்தர்கிட்ட இருந்துச்சு. தீப்பெட்டிக் கம்பெனியில சூப்பர்வைசர். கடைசியில ஏழு ஏழுன்னு முடியுற நம்பர், அதனால அவருக்கு ரொம்பப் பெரும. எங்க போனாலும் அந்த நம்பரத்தான் குடுப்பாரு. பேங்க்ல குடுத்தாரு, கோயில்ல குடுத்தாரு, கேஸ் கம்பெனியில குடுத்தாரு. அவரு சம்சாரம் பேரு செண்பகம். அந்தம்மாகிட்ட ஒரு பட்டன் போன். மனப்பாடமாத் தெரிஞ்ச ஒரே நம்பர் வீட்டுக்காரர் நம்பர்தான்.

"ம்."

அப்புறம் ஒரு நாள் ஆவுடையப்பனுக்கு நெஞ்சு வலி வந்துச்சு, செத்துப் போயிட்டாரு.

"ஏன் அத்த?"

ஏன்னு எனக்கு எப்படித் தெரியும். செத்துப் போயிட்டாரு. செண்பகம் அந்த போன எடுத்து பீரோவுக்குள்ள, அவரு வேட்டிக்கு அடியில வெச்சுட்டாங்க. யாருமே ரீசார்ஜ் பண்ணல. போன் கம்பெனிக்காரன் கொஞ்ச மாசம் பாத்தான். அப்புறம் அந்த நம்பரப் புடுங்கி, ஓசூர்ல ஒருத்திக்குக் குடுத்துட்டான்.

அந்த ஒருத்தி இருக்காளே, ஒரு எடத்துல நிக்க மாட்டா. பால அடுப்புல வெச்சுட்டு துணி காயப்போடப் போவா. துணி காயப்போட்டுக்கிட்டே யாருக்கோ மெசேஜ் அனுப்புவா. அங்க பால் புஸ்ஸுன்னு பொங்கி வழியும்.

"உன்ன மாதிரி."

கத கேக்குறியா, வம்பு பண்றியா? அப்படி ஓடிக்கிட்டே இருந்தவ, ஒரு நாள் பஸ்ல போனத் தொலைச்சுட்டா. சரி, பழைய நம்பரே வேண்டாம், எல்லாரும் தொல்லை பண்றாங்கன்னு, புது சிம் வாங்குனா. அங்க ஆரம்பிச்சுது தொல்லை. விடியக்கால ஆறு மணிக்கு டிங். பால்ராஜ்னு ஒருத்தர், ரோஜாப்பூ படம் போட்டு 'இனிய காலை வணக்கம்'. யார்னே தெரியாது. பிளாக் பண்ணுனா வேற நம்பர்ல இருந்து தாமரப்பூ அனுப்புறாரு. அப்புறம் டிங், 'அன்புள்ள ஆவுடையப்பன், உங்களுக்கு லோன் ரெடி'. டிங், கோயில்ல கும்பாபிஷேகம், வாங்க. நடுவுல போன் வேற. ஆவுடையப்பன் சார் இருக்காரான்னு கேப்பாங்க. இல்லன்னா, எப்ப வருவாருன்னு கேப்பாங்க. இவளுக்கு என்ன தெரியும், சாயங்காலம் பாருங்கன்னு சொல்லிட்டு வெச்சுடுவா.

கேக்குதா? இந்த வெங்காய வண்டிக்காரன் வந்துட்டான். முன்னல்லாம் வாயால கத்துவான், ரெண்டு சத்தத்துல தொண்ட வத்திப் போயிடும். இப்ப ஸ்பீக்கர்ல ரெக்கார்ட் பண்ணி விட்டுட்டு, அவன் பாட்டுக்கு சீட்டுல உக்காந்து வீடியோ பாக்குறான். வெங்காயம் வெங்காயம் வெங்காயம்னு நம்ம வாசல்லயே நிக்குது. போடா அங்குட்டு. எங்க விட்டேன்?

"சாயங்காலம் பாருங்க."

ஆங். அப்போ ஒரு சனிக்கெழம, பதினோரு மணி இருக்கும். ட்ரிங் ட்ரிங். எடுத்தா ஒரு அம்மா. சிலிண்டர்க்காரன் வாசல்ல நிக்கான், இந்த நம்பருக்கு நாலு எண்ணு வந்திருக்காம், அதச் சொன்னாத்தான் சிலிண்டர எறக்குவானாம், செத்த சொல்லு தாயின்னாங்க. யாருன்னு நெனைக்குற?

"செண்பகம்."

அதே. ஆனா இவளுக்குத் தெரியாதுல்ல. யாருக்கு போன் பண்ணுனாலும் மணி அடிக்கிறதுக்கு முன்னால ஒருத்தி வந்து, ஓடிபிய யார்கிட்டயும் சொல்லாதீங்க சொல்லாதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்காளே. அதனால இவ ஒரு வார்த்த பேசல. டொக். வெச்சுட்டா.

"ம்."

அன்னிக்கு சாயங்காலம் மறுபடியும் ட்ரிங் ட்ரிங். அதே அம்மா. சிலிண்டர்க்காரன் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டான், நாளைக்கு ஒரு தடவ வருவானாம். பொண்ணு பிரசவிச்சு வந்திருக்கா, பச்ச உடம்பு, பதினோரு நாள் புள்ள. அடுப்புல சிலிண்டர் தீந்து போச்சு. பக்கத்து வீட்டுல ஒரு வேளைக்கு வெந்நி வாங்கியாச்சு, எதுத்த வீட்டுல ஒரு வேளைக்கு வாங்கியாச்சு, எத்தன வேளைக்கு வாங்க முடியும்னு கேட்டாங்க. பின்னால ங்ஙே ங்ஙேன்னு கொழந்த அழுகுற சத்தம். இவ என்ன நெனச்சா தெரியுமா? கொழந்த அழுகையெல்லாம் ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு ஏமாத்துறானுங்கன்னு நெனச்சா. இன்னொரு தடவ பண்ணுனா போலீஸ்ல சொல்லிடுவேன்னு கத்திட்டு வெச்சுட்டா.

"கெட்டவ."

கெட்டவ இல்லடி. பயந்தவ. அவசரக்காரி. சரி, கெட்டவதான்னே வெச்சுக்க.

அப்புறம் மூணாவது தடவ. மறுநாள் ஞாயித்துக்கெழம, காலைல. ட்ரிங் ட்ரிங். இவ திட்டுறதுக்கு வாயத் தொறக்குறா.   அதுக்குள்ள அந்தம்மா மெதுவாச் சொன்னாங்க:

"நம்பர் கேக்கலம்மா. இது எங்க வீட்டுக்காரரு போனு. அவரு போனப்புறம் நானும் அடிச்சு அடிச்சுப் பாத்தேன், 'உபயோகத்தில் இல்லை'ன்னே சொல்லிச்சு. நேத்துதான் மணி அடிச்சுது. இன்னிக்கும் அடிக்கான்னு பாத்தேன். அவ்வளவுதான். வச்சிருதேன்."

ம் சொல்லேன்.

"ம்."

அப்போதான் இவ கட்டில்ல உக்காந்தா. சும்மா உக்காந்தா. பால் பொங்குது, போய் எறக்கல. வச்சிராதீங்கம்மா, இருங்கன்னு சொல்லிட்டு, மெசேஜத் தேடுறா. லோனு, கும்பாபிஷேகம், இன்னொரு லோனு, எல்லாத்துக்கும் அடியில கெடக்குது கேஸ் மெசேஜ். வாசிச்சா. ஏழு. ரெண்டு. சைபர். ஒம்போது. அந்தம்மா ஒவ்வொண்ணாத் திருப்பிச் சொல்லி காலண்டர்ல எழுதிக்கிட்டாங்க. அன்னிக்கு மத்தியானம் லொடலொடன்னு சிலிண்டர் வந்து எறங்கிடுச்சு. அந்தப் புள்ள வெந்நியில குளிச்சுது.

"முடிஞ்சுதா?"

அதுக்குள்ளயா? அப்புறம் செண்பகம் நம்பர மாத்தப் போனாங்க, கேஸ் ஆபீஸுக்கு. மொத தடவ போனப்போ, பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும், அதச் சொன்னாத்தான் புது நம்பர் ஏத்துவோம்னு சொல்லிட்டாங்க. பழைய நம்பர் இல்லன்னுதான மாத்தவே போறாங்க! இந்த அறிவு யாருக்கு வந்துச்சோ. சரின்னு இவகிட்ட கேட்டுக்கிட்டு ரெண்டாவது தடவ போனா, சர்வர் இல்ல, நாளைக்கு வாங்கன்னாங்க. மூணாவது தடவ, செண்பகம் போகவே இல்ல. ஏம்மா போகலன்னு கேட்டா, மறந்துட்டேன் தாயின்னாங்க. மறக்குற ஆளே இல்ல அவங்க.

அதனால நாப்பது நாளைக்கு ஒரு தடவ, அம்பது நாளைக்கு ஒரு தடவ, ட்ரிங் ட்ரிங். இவ நாலு நம்பர் சொல்லுவா. அதுக்கு அர நிமிஷம் போதும். ஆனா பேச்சு அர மணி நேரம் ஓடும். சாப்ட்டியா தாயின்னு கேப்பாங்க. இவ சாப்ட்டேன்னு சொல்லுவா. என்ன சாப்ட்டன்னு கேப்பாங்க. பிரெட்டுன்னு சொன்னா, பிரெட்டு காச்சக்காரங்க திங்கிறதுல்லான்னு திட்டுவாங்க. அதுக்காகவே இவ, கேஸ் மெசேஜ் டிங்குன்னு வந்தா, அன்னிக்கு மட்டும் ஒரு டம்ளர் அரிசி போட்டு சோறு வடிப்பா. பொய் சொல்லக் கூடாதுல்ல. அந்த ஊர்ல அவளுக்கு ஓனர் இருக்காங்க, ஆபீஸ் ஆளுங்க இருக்காங்க, சாப்ட்டியான்னு கேக்க ஆள் இல்லடி. ஒரு சிலிண்டர்தான் கேக்க வெச்சுது.

தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

அப்புறம் ஒரு நாள், இவ ஆபீஸ்ல மும்முரமா நிக்குறப்போ, தெரியாத நம்பர்ல இருந்து போன். செண்பகத்தோட பொண்ணு. கேஸ் ஆபீஸ்ல நிக்குறேங்க்கா, உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், சீக்கிரம் சொல்லுங்கன்னா. டிங். வந்துச்சு. இவளும் அவசரத்துல கடகடன்னு வாசிச்சுட்டா. இனிமே உங்களுக்குத் தொல்லை இல்லக்கான்னு அந்தப் பொண்ணு வெச்சுடுச்சு. இவ வேலையப் பாத்தா, டீ குடிச்சா, சாயங்காலம் பஸ்ல ஏறி உக்காந்தப்புறம்தான் உறைக்குது. நம்பர மாத்திட்டாங்க. மாத்துறதுக்கு வாசிச்சுக் குடுத்ததே இவதான். 

அப்புறம் நாப்பது நாளாச்சு, கேஸ் மெசேஜ் வரல. அம்பது நாளாச்சு, வரல. எப்படி வரும்? ஆனா டிங்குன்னா ஓடிப் போய்ப் பாப்பா. ரோஜாப்பூ. எப்படா தொலையும்னு நெனச்ச பால்ராஜ் மட்டும் கரெக்டா வர்றாரு.

"செண்பகம் நம்பர்தான் இருக்குல்ல. இவ பண்ணலாம்ல?"

பண்ணலாம். மூணு தடவ எடுத்தா போன. மொத தடவ, என்ன சொல்லிப் பண்றதுன்னு வெச்சுட்டா. சிலிண்டருக்காகப் பேசுனவங்க, சிலிண்டர் இல்லாம எதுக்குப் பேசணும்? ரெண்டாவது தடவ, பொண்ணு எடுத்துட்டா என்ன சொல்றதுன்னு வெச்சுட்டா. மூணாவது தடவ...

"ம்?"

மூணாவது தடவ இப்பதான். நீ டேப் செத்துப் போச்சுன்னு அழுதுக்கிட்டு வந்தப்போ, கையிலதான் வெச்சிருந்தேன்.

"எனக்கு மொதல்லயே தெரியும் அது நீன்னு."

தெரியும்ல, பின்ன என்ன. அறுபத்திரெண்டு நாளாச்சு இன்னியோட. அவ்வளவுதான் கத. தூங்கு.

"கத முடியல. போன் பண்ணு."

அஞ்சு பர்சன்ட்தான் இருக்கு.

"பண்ணு அத்த."

அப்புறம் ஏதாவது அவசரம்னா உங்கம்மாகிட்ட எப்படிப் பேசுறது... சரி. பண்ணுறேன். நீ கண்ண மூடு. ஸ்பீக்கர்ல போடுறேன். பாரு, வந்துட்டா, ஓடிபி சொல்லாதீங்கன்னு. சார்ஜே இவளுக்குத்தான் போகுது. ஆங், மணி அடிக்குது. ட்ரிங்... ட்ரிங்... எடுக்கல பாத்தியா, நாந்தான் சொன்னேன்ல, வேற வேலையா இரு... ஹலோ? அம்மா? நான்... ஓசூர்லருந்து. ஆவுடையப்பன் நம்பர் பேசுறேன்.

"தாயி. சாப்ட்டியா?"

சாப்ட்டேம்மா. சோறுதான். கத்திரிக்கா கொழம்பு. எங்க அண்ணன் பொண்ணு வந்திருக்கா லீவுக்கு, அதனால சமைச்சேன்.

"நானே பண்ணணும்னு தெனம் நெனைக்கேன். என்னத்தச் சொல்லிப் பண்ண? இப்ப நம்பரு எனக்கே வந்துருது. இன்னிக்குத்தான் சிலிண்டர் வந்துச்சு. எனக்கு நானே வாசிச்சுக்கிட்டு, நானே அவன்ட்ட சொன்னேன். நல்லாவே இல்ல."

எனக்கும் நல்லா இல்லம்மா.

"தாயி, நீ ஒரு நம்பரு சொல்லேன்."

எனக்குத்தான் இப்ப வர்றதில்லையேம்மா.

"தெரியும். சும்மா ஏதாவது நாலு எண்ணு சொல்லு. காலண்டர்ல இன்னிக்குத் தேதியில எடம் விட்டு வச்சிருக்கேன்."

மிரு... மிரு, ஏதாவது நம்பர் சொல்லுடி, எனக்கு ஒண்ணும் வாயில வர மாட்டேங்குது. அழுகல்லாம் இல்ல. நீ சொல்லு.

"ஆறு."

ஆறும்மா.

"ஆறு. எழுதிட்டேன்."

"ஒண்ணு..."

ஒண்ணு. எழுதிட்டீங்களா? அடுத்து?

"நாலு..."

நாலும்மா. இன்னும் ஒண்ணு சொல்லுடி. மிரு. ஏய். ம் கொட்டு... அம்மா, அவ தூங்கிட்டா. கடைசி நம்பர நான் சொல்லட்டா?

"வேண்டாம், அந்தப் புள்ளையே சொல்லட்டும். இப்ப எழுப்பாத. மிச்சத்த நாளைக்குச் சொல்லு. நானே அடிக்கேன்."

சரிம்மா. நாளைக்கு.

போன் ஆஃப் ஆயிடுச்சு, மிரு. போகட்டும். கத இன்னும் முடியல, ஒரு நம்பர் பாக்கி நிக்குது. நீ தூங்கு.